நூத்தி நாப்பது

“எனக்கு ஒண்ணுமே கேக்கல சிஸ்டர்” என்று சொல்லி நான் வாயை மூடவில்லை, சங்கரவடிவு அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துவிட்டார். கட்டிலில் படுத்திருக்கிற கற்பகத்தின் மாமியார் அவர். கற்பகத்துக்கு எட்டு மாதம். அவள் வயிற்றின் மேல் அலுமினியக் குழலை வைத்து, குழலின் மறுமுனையில் என் காதை வைத்து, உள்ளே இருக்கிற பிள்ளையின் இதயத் துடிப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொன்னேன். வீட்டில் சாவி தேடிக் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றுதானே சொல்கிறோம், அதற்காகச் சாவியே உலகத்தில் இல்லை என்றா ஆகிவிடும்? ஆனால் இது சாவி இல்லை. இது ஆரம்ப சுகாதார நிலையம், இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் நாள், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சு நிறைய வயிறுகள், அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மின்விசிறி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த பெனிட்டா சிஸ்டர் பட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, என்னை இடுப்பால் இடித்துத் தள்ளி, குனிந்து, முழுசாக ஒரு நிமிஷம் கேட்டு நிமிர்ந்தார். “அம்மா, பிள்ளை ஜம்முனு இருக்கு, நல்லாத் துடிக்குது. இவன் நர்சிங் படிக்க புதுசா வந்தவன், இவனுக்குக் காது இன்னும் தெறக்கல” என்றார். கற்பகம் சிரித்துவிட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. சங்கரவடிவு அம்மா எழுந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: “நீ சொல்லுதது சரி தாயி, நான் நம்புதேன். ஆனா அவன் ஒரு சொல்லு சொல்லிட்டாம்லா. எந்த வாய் இல்லன்னு சொல்லிச்சோ அந்த வாயே இருக்குன்னு சொல்லணும். அதுவரைக்கும் எம் மருமவ இந்தக் கட்டிலை விட்டு எறங்க மாட்டா.” சிஸ்டர் என்னென்னமோ சொல்லிப் பார்த்தார். “சொன்ன சொல்லை இங்கன அப்படியே விட்டுட்டுப் போனா அது எங்க பின்னாலயே பஸ் ஏறி வீட்டுக்கு வரும்” என்று சங்கரவடிவு அம்மா தீர்ந்த முடிவாகச் சொல்லிவிட்டார். பெனிட்டா சிஸ்டர் என் காதருகே வந்தார். “ஏ மகராசா, இன்னொருவாட்டி காதை வை. கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி, நூத்தி நாப்பதுன்னு சொல்லிட்டு எழுந்திரு. இந்தம்மா டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னாங்கன்னா நாளப்பின்ன பையங்களையே இந்த ரூமுக்குள்ள விட மாட்டாங்க, தெரியும்லா?”

தெரியும். அதனால்தான் இப்போது மறுபடி முட்டி போட்டிருக்கிறேன். தரை சில்லென்று இருக்கிறது. காது குழலில், குழல் வயிற்றில். இப்படி வைத்தால் நம் முகம் தாயின் கால் பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும், அதுதான் முறை, அவள் முகத்தை நாமும் நம் முகத்தை அவளும் பார்க்க முடியாது. நல்ல முறை. எனக்குத் தெரிவது கற்பகத்தின் இரண்டு பாதங்கள், மெட்டி, மருதாணியில் பாதி அழிந்த பெருவிரல், அதற்கு அப்பால் எடை பார்க்கிற மெஷின், அதற்கு அப்பால் சுவர் போஸ்டரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை தாய்ப்பால் பற்றி என்னவோ சொல்கிறது. நூற்று நாற்பது. எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் இந்த எண் தெரியும். நிமிஷத்துக்கு நூற்று இருபதிலிருந்து நூற்று அறுபது வரை துடித்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று புத்தகம் சொல்கிறது, நடுவாக எடுத்தால் நூற்று நாற்பது பாதுகாப்பு. ஒன்றும் கேட்காதவர்கள் எல்லாரும் குழலில் காதை வைத்து, கண்ணை மூடி, பக்தியாக ஒரு நிமிஷம் இருந்துவிட்டு எழுந்து நூத்தி நாப்பது சிஸ்டர் என்பார்கள். கூடப் படிக்கிற சுபிதா கெட்டிக்காரி, அவள் ஒரு ஆளுக்கு நூத்தி நாப்பத்திரெண்டு, அடுத்த ஆளுக்கு நூத்தி முப்பத்தெட்டு என்று மாற்றி மாற்றிச் சொல்வாள். “எல்லாத்துக்கும் ஒரே நம்பர் சொன்னா எவ நம்புவா, கொஞ்சம் ஏத்தி எறக்கணும்லே” என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். பெனிட்டா சிஸ்டரே ஒருநாள் டீ குடிக்கும்போது “நானும் முதல் வருசம் பூரா நூத்தி நாப்பதுலதான் ஓட்டினேன்” என்று சொல்லிச் சிரித்தார். இங்கே எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற மென்ட்டர் அவர்தான், எங்கள் கல்லூரியிலேயே படித்தவர், எங்களைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர், திட்டிக்கொண்டே வேலை பார்ப்பார், வேலை நிற்காது, திட்டும் நிற்காது. சிஸ்டர் சொன்ன மாதிரி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் எனக்கு என்ன பிரச்சினை என்றால் பொய் சொல்ல வந்தால் சிரிப்பு வந்துவிடும். கொள்கை எல்லாம் இல்லை, முகம் அப்படி. சங்கரவடிவு அம்மா என் முகத்துக்கு நேராகக் கால்மாட்டில் வந்து நின்றுகொண்டிருக்கிறார். கண் இமைக்காமல் பார்க்கிறார். இந்த அம்மாவிடம் நூத்தி நாப்பது என்றால் நூத்தி நாப்பது என்னது, ரூபாயா என்று கேட்பார்.

சரி, கேள். ஒன்றுமே இல்லை என்று சொன்னது ஒரு வகையில் பொய்தான், உள்ளே சத்தம் இல்லாமல் இல்லை, ஊர்ப்பட்ட சத்தம். முதலில் ஒரு ஓய் என்ற சத்தம், சங்கைக் காதில் வைத்தால் வருமே, அது. பிறகு கொடகொடகொட, அது காலையில் தின்ற இட்லி, அது இறங்கிப் போகிற வழி எனக்கு இப்போது துல்லியமாகத் தெரியும். பிறகு எங்கேயோ டம், டம், டம் என்று மெதுவாக ஒன்று. வந்துவிட்டது என்று துள்ளினேன், துள்ளிய பிறகுதான் யோசித்தேன், இவ்வளவு மெதுவாகவா? பிள்ளையின் இதயம் நம்முடையதைப் போல இரண்டு மடங்கு வேகம் ஓடும், இது ஆடி அசைந்து ரேஷன் கடைக்குப் போகிற மாதிரிப் போகிறது. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டதா? இல்லை, சிஸ்டர் இப்போதுதானே கேட்டார், பிள்ளை நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் இது தாயின் துடிப்பு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கச் சொல்வார்கள், இரண்டும் சேர்ந்து அடித்தால் அது தாயுடையது, தள்ளு. பிடிக்கலாம் என்று கையை நீட்டினால் மணிக்கட்டே இல்லை, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். போன வாரம்தான் வளைகாப்பு. பச்சையும் சிவப்புமாக அடுக்கியிருக்கிறார்கள், தொட்டவுடனே கலகலவென்று குலுங்கி, டம் டம்மும் போய்விட்டது. “தம்பி, கூசுது” என்றாள் கற்பகம். “சாரிக்கா” என்றேன். ஒருவேளை அந்த டம் டம் என்னுடையதாகக்கூட இருக்கலாம். என் காதில் என் இதயமே கேட்கிறதோ? நன்றாக இருக்கிறது கதை. அவ்வளவு தூரம் போய் என்னை நானே எண்ணிக்கொண்டு வருவதா?

அல்லது காதுதான் சரியில்லையா. இது சிரிக்கிற விஷயம் இல்லை. என் அப்பா ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் வேலை பார்க்கிறார், அந்த மெஷின் சத்தத்தில் அவர் காது போய்ப் பல வருஷம் ஆகிறது, வீட்டில் டிவி வைத்தால் தெருமுனை டீக்கடைக்காரர் எங்கள் டிவியில் செய்தி கேட்டுக்கொள்வார். பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் நானும் அப்பாவோடு லாரியில் போனேன், காதில் பஞ்சு வை என்றார்கள், பஞ்சு வைத்தால் பாட்டுக் கேட்க முடியாது என்று இயர்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். எனக்கும் போயிருக்குமோ? அதனால்தான் சுபிதாவுக்குக் கேட்கிறது எனக்குக் கேட்கவில்லையோ? சுபிதாவுக்கும் கேட்கவில்லை, அவள் ஏற்றி இறக்குகிறாள், அதை மறந்துவிடுகிறேன். ஆனால் நிஜமாகவே காது போயிருந்தால்? காது கேட்காத நர்ஸ் என்ன செய்வான்? இந்தக் குழலை வைத்துத் தண்ணீர் இறைப்பானா? சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேரும்போதே தெருவில் “ஆம்பளப் பய எதுக்குலே நர்ஸுக்குப் போறான்” என்றார்கள், “ஊசி போடத்தான்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன், நின்று பதில் சொல்கிற பொறுமை எனக்கு இல்லை. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவேன், நடந்துகொண்டிருக்கும்போது பஸ் என்னைத் தாண்டிப் போகும், எத்தனை தடவை போயிருக்கிறது. இப்போது ஒரு நிமிஷம் அசையாமல் இரு என்கிறார்கள். ஒரு நிமிஷம் எவ்வளவு பெரிசு என்று இங்கே வந்துதான் தெரிந்தது. முட்டி வலிக்கிறது. காது மடல் மடங்கிப்போய் எரிகிறது. மறு காதில் வெளியே பெஞ்சில் யாரோ “உள்ள என்ன நடக்கு?” என்று கேட்பதும் “ஒரு பயலுக்குக் காது கேக்கலையாம், வைத்தியம் பாக்குறாவ” என்று ஒருத்தி பதில் சொல்வதும் நன்றாகத் தெளிவாகக் கேட்கிறது. அப்போ காது இருக்கிறது. நல்லது. அந்தக் காது இருக்கிறது. இந்தக் காது?

“சிஸ்டர், காதை மாத்திக்கவா?” என்றேன். அடுத்த கட்டிலில் இருந்து பெனிட்டா சிஸ்டர் “காதை மாத்து, இல்ல தலையவே மாத்து. முதல்ல கையை எடு” என்றார். கையை எடு, கையை எடு, சேர்ந்த நாளில் இருந்து இதையே சொல்கிறார். குழலைக் கையால் பிடிக்கக் கூடாதாம். வைத்ததும் கையை விட்டுவிட்டுக் காதாலேயே அழுத்திக்கொள்ள வேண்டுமாம், கை பட்டால் கையின் சத்தம்தான் கேட்குமாம். சொல்வது சுலபம். வயிறு என்ன மேஜையா? உருண்டையாக இருக்கிறது, மூச்சு விட விட ஏறி இறங்குகிறது, கையை விட்டால் குழல் சறுக்கி விழும், கற்பகத்தின் மேல் விழும், அதற்கும் சங்கரவடிவு அம்மா ஒரு சட்டம் வைத்திருப்பார். கல்லூரி லேபில் இருக்கிற ரப்பர் பொம்மைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது மூச்சு விடாது, கூசுது என்று சொல்லாது, மாமியாரும் இல்லை. முதுகுப் பக்கம் ஒரு பொத்தான், அமுக்கினால் இதயம் துடிக்கும். மேடம் “தலையணைக்கு அடியில வச்ச கைக்கடிகாரம் மாதிரி கேக்கும்” என்றார்கள். எவன் இப்போது தலையணைக்கு அடியில் கைக்கடிகாரம் வைக்கிறான்? போன் வைத்தால் உறுமுகிறது. அது உறுமுகிற மாதிரி கேட்குமா மேடம் என்று கேட்டேன், வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். இப்போது அந்தக் கடிகாரத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை பார்த்தே இராத ஒரு கடிகாரத்தை, பார்த்தே இராத ஒரு ஆளின் வீட்டுக்குள். ஓய். கொடகொட. டம், டம். “பிள்ளை இந்தப் பக்கம்தானே உதைக்குது, இங்க வச்சுப் பாருங்க தம்பி” என்று கற்பகம் வலது பக்கம் விரலால் தொட்டுக் காட்டினாள். முதல் தடவை நான் வைத்து ஏமாந்ததே அங்கேதான். உதைக்கிற இடத்தில்தானே உயிர் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அங்கே கையும் காலும்தான் இருக்கும், இதயம் முதுகு வழியாகத்தான் கேட்கும், முதுகு எதிர்ப்பக்கம், தடவிப் பார்த்தால் வழவழவென்று ஒரு மேடு. பெனிட்டா சிஸ்டர் அங்கேதான் வைத்தார், பார்த்தேன், இந்தத் தடவை நானும் அங்கேதான். “அங்க காலுதாங்க்கா இருக்கு” என்றேன். “காலு இருக்கா?” என்றாள். இரண்டு காலும் இருக்கிறது என்று நானே பார்த்துவிட்டு வந்த மாதிரிச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் கேட்டு எனக்குக் கொஞ்சம் பயம் போயிற்று. முதல் தடவை நான் சொன்ன சொல்லுக்கு இவள் அழவில்லை என்பதே இப்போதுதான் உறைக்கிறது. அவளுக்குத்தானே முதலில் பதறியிருக்க வேண்டும்? “நீங்க பயப்படலியாக்கா?” என்று குழலுக்குள்ளேயே கேட்பது போலக் கேட்டேன். “நீங்க கேக்கலன்னு சொல்லும்போதே ஒரு உதை விட்டுச்சு தம்பி. உங்களுக்குக் கேக்கல, அதுக்கு நீங்க சொன்னது கேட்டிருக்கு” என்றாள். அப்புறம் இதை மாமியாரிடம் ஏன் சொல்லவில்லை? “சொன்னா நம்பவா போறாவ, அவுகளுக்கு ஒரு பொழுது போகணும்லா.” வயிறு சிரிப்பில் குலுங்கியது. குழல் சறுக்கியது. பிடித்தேன். கையால்தான்.

அதற்குள் சங்கரவடிவு அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல மனுஷி, என்னை மாதிரிதான். “ஏய்யா, இந்த வளையலு சத்தம் போட்டா உனக்கு எப்படிக் கேக்கும்?” என்று கட்டிலைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். கழற்றலாம் என்றேன். பேறுகாலம் ஆகாமல் கழற்றுவதா என்று ஒரு பார்வை பார்த்தார், நான் கழற்ற வேண்டாம் என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மருமகளின் கையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வளையல்களை எல்லாம் மேலே தள்ளி நெருக்கி, முட்டைக்கு வைக்கோல் சுற்றுகிற மாதிரித் துண்டைச் சுற்றினார், ஒரு சுற்று, இன்னொரு சுற்று, சத்தம் அடங்கிவிட்டது. அடியில் மணிக்கட்டு வெளியே வந்தது. நான் எவ்வளவு நாளாக இந்தத் தொழிலைப் படிக்கிறேன், வளையலுக்குத் துண்டு சுற்றலாம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. “முடிச்சு நிக்க மாட்டேங்கு, இந்தா இதப் பிடி” என்று துண்டின் நுனியை என் கையில் திணித்தார். எந்தக் கையில்? இடது கை ஏற்கெனவே கட்டில் கம்பியில் ஊன்றியிருக்கிறது, அதை எடுத்தால் நானே விழுவேன். வலது கையில். குழலைப் பிடித்திருந்த கையில். பெரியவர் ஒன்றைக் கையில் கொடுத்தால் வாங்கிவிடுகிறோம், யோசிப்பதில்லை. வாங்கிவிட்டேன். கை போய்விட்டது. குழல் விழப்போகிறது என்று பதறித் தலையை அழுத்தினேன், கழுத்தை இறுக்கி, காதை நசுக்கி, மொத்தத் தலையின் பாரத்தையும் அந்தச் சின்ன வட்டத்தில் வைத்தேன். குழல் விழவில்லை. நின்றது. ஓய் என்ற சத்தம் காணாமல் போயிற்று. அது என் விரல்களின் சத்தம் போலிருக்கிறது. இத்தனை நாளும் என் விரல்களையா கேட்டுக்கொண்டிருந்தேன்? கொடகொடவும் தூரமாகப் போய்விட்டது. என் விரல் துண்டுக்குக் கீழே மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது, அங்கே டம், டம் என்று கற்பகம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். காதில் அது இல்லை. காதில் வேறு.

முதலில் அதைச் சத்தம் என்றே நினைக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு சின்னப் பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிற மாதிரி. மணலில். தடதட என்றுகூட இல்லை, அவ்வளவு பாரம் இல்லை அதற்கு, டிகுடிகுடிகுடிகு என்று, நிற்காமல், மூச்சு வாங்காமல், யாரோ கூப்பிட்டுவிட்டார்கள், உடனே போக வேண்டும் என்கிற மாதிரி. கற்பகத்தின் விரலடித் துடிப்பு ஒன்று போவதற்குள் இது இரண்டு போய்விடுகிறது. இருக்கிறது. இருக்கிறதே. நிறுத்தத்தில் நிற்காத ஆள், பஸ் வரட்டும் என்று காத்திருக்காத ஆள், அம்மாவின் நடை பிடிக்காமல் முன்னால் ஓடுகிற ஆள். டேய், உன்னைத் தெரியும்டா எனக்கு. எண்ணு, எண்ணு என்று என்னையே அதட்டிக்கொண்டேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, பத்து வரைக்கும் கூடவே ஓடினேன், பதினொண்ணு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது பதிமூணுக்குப் போய்விட்டது. தமிழில் எண்ணினால் பிடிக்க முடியாது, இருபத்தி ஒண்ணு சொல்வதற்குள் நாலு வீடு தாண்டிவிடும். மறுபடி ஒண்ணிலிருந்து. மறுபடி பதினொண்ணில் விட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. சங்கரவடிவு அம்மா குனிந்து என் மூக்குக்கு நேராக முகத்தை வைத்தார், வெற்றிலை மணம். “என்னய்யா?” என்றார். “கேக்குதும்மா” என்றேன். “நெசமாவா சொல்லுத?” “நெசமா. எங்கேயோ அவசரமாப் போற மாதிரி ஓடுதும்மா.” அவர் நிமிர்ந்து, தலையில் வைத்திருந்த எதையோ இறக்கி வைத்த மாதிரித் தோளை உதறினார். “இதுக்க அப்பனும் அப்படித்தான், உக்காந்து சோறு திங்க மாட்டான், சட்டியைக் கையில வச்சுக்கிட்டே நடப்பான்” என்றார். திரைக்கு வெளியே “கேட்டுட்டாம்ட்டீ” என்று ஒருத்தி சொல்ல, பெஞ்சு முழுக்கப் பேச்சு மறுபடி கிளம்பிற்று, இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி. கற்பகம் “என்ன சொல்லுது தம்பி?” என்று கேட்டாள். ஓடுகிறது என்றுதான் திரும்பவும் சொன்னேன். துண்டின் நுனி இன்னும் என் கையில் இருக்கிறது. காது மடல் எரிகிறது, எரியட்டும். முட்டி வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டிகுடிகுடிகு. போ, போ, நில்லாதே, நானும் வருகிறேன். பெனிட்டா சிஸ்டரின் செருப்பு என் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. “கேட்டாச்சுல்ல? எவ்வளவு?” “எண்ணல சிஸ்டர்.” “எண்ணலியா? இவ்வளவு நேரமா என்னலே பண்ணினே?” “கேட்டேன் சிஸ்டர்.” அவர் குனிந்து, கோபமா சிரிப்பா என்று தெரியாத குரலில், “சரி, நூத்தி நாப்பதுன்னு சொல்லிட்டு எழுந்திருடா, வெளிய அத்தன பேர் உக்காந்திருக்காங்க” என்றார். நான் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.